வலை பொத்துகிறவருக்கு மறதி நோய் வருமா?

கைவேலை கொடுத்து ஒருவரின் அறிவுத்திறனை அளப்பது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை அளந்து, அதற்கு உதவும் சிகிச்சையாளர்) பதில்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். ஆனால் வலை பொத்த உட்கார்ந்தால் இன்றைக்கும் அவர் கிட்டே யாரும் நிற்க முடியாது. அதே மனிதர், காலையில் சாப்பிட்ட மாத்திரையைச் சாப்பிடவே இல்லை என்று சாதிக்கிறார். பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றிருக்கிறார். கை இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும்போது மூளையில் கோளாறு இருக்குமா? (பாம்பன்)

பதில்: இருக்கலாம். வலை ஊசியைப் பிடித்து, கண்ணி அளவு பிசகாமல் முடிச்சுப் போடுவது சிறு வயதிலிருந்து கையில் ஊறிய வேலை. அந்தப் பழக்க நினைவுக்கும், காலையில் நடந்ததை மனதில் வைத்திருக்கும் நினைவுக்கும் மூளையில் வேறு வேறு பகுதிகள் பொறுப்பு. அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை. புதுச் செய்தி பதிவது அங்கே தடைப்படுகிறது. கைப்பழக்கமோ வெகுநாள் தப்பித்து நிற்கும்.

அதனால் வலையைக் காட்டி "அவருக்கு ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். இப்படி நம்பித்தான் பல வீடுகளில் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை அதுதான். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் இவையெல்லாம்கூட மறதி போலவே தெரியும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். முதலில் அதைப் பாருங்கள். வலை வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

கேள்வி: எங்க உம்மாவை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு தோல் துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். "நான் என்ன செருப்புத் தைக்கவா வந்தேன்?" என்று உம்மா கோபப்பட்டார். இது என்ன சோதனை? (கீழக்கரை)

பதில்: உம்மாவின் கோபம் நியாயமே. எதற்கு என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிளாடியா ஆலன் வகுத்த முறை இது. தோல் துண்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். முதலில் மேலும் கீழுமாக நுழைத்து எடுக்கும் ஓட்டுத் தையல். அடுத்தது ஓரத்தைச் சுற்றி வரும் தையல். மூன்றாவது, வளையம் விட்டு அதற்குள் தோல் வாரை நுழைத்து இழுக்கும் சிக்கலான தையல். இந்த மூன்றாவதை மட்டும் செய்து காட்டாமல், முடிந்ததைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

தையல் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாவது தையலில் சோதிப்பவரே வேண்டுமென்று வாரை முறுக்கிவிடுவார், பின்பக்கம் குறுக்காகவும் போட்டுவிடுவார். அந்தத் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்வார். சிலர் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து "சரியாத்தானே இருக்கு" என்பார்கள். துண்டைத் திருப்பிப் பார்க்கவே தோன்றாது. அறிவுத்திறனுக்கு ஆலன் வகுத்த ஆறு நிலைகளில் நான்காவது நிலையின் அடையாளம் அது: கண்ணெதிரே இருப்பது மட்டும் மனதில் நிற்கும். அப்படிப்பட்டவருக்கு அலமாரிக்குள் வைத்த மாத்திரை இல்லாத மாத்திரைதான். எரியாமல் கசியும் கேஸையும் அவர் யோசிக்க மாட்டார். மாத்திரையை எங்கே வைப்பது, அடுப்படியில் யார் துணை நிற்பது என்று வீட்டார் முடிவு செய்ய இந்தச் சோதனை உதவும். நோயின் பெயரைச் சொல்ல இது மட்டும் போதாது.

கேள்வி: மாமியாருக்கு ஓலைக் கொட்டான் முடையக் கொடுத்து நாங்களே வீட்டில் சோதிக்கலாமா? (சாயல்குடி)

பதில்: மதிப்பெண் போட வேண்டாம், கவனித்துக் குறித்து வையுங்கள். ஆனால் கொட்டான் அவருக்குப் பழகிய வேலை என்றால் அது எதையும் காட்டாது. அவர் செய்தே இராத ஒன்றைக் கொடுங்கள், உதாரணமாகச் சோழி கோத்து மாலை: இரண்டு வெள்ளை, ஒரு பழுப்பு என்று மாதிரி ஒன்று செய்து பக்கத்தில் வைத்துவிடுங்கள். மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாரா? வரிசை தப்பினால் தானாக நிறுத்துகிறாரா, நீங்கள் காட்டியதும் பிரிக்கிறாரா, காட்டியும் புரியாமல் அப்படியே கோத்துக்கொண்டு போகிறாரா? இதை எழுதி மருத்துவரிடம் கொடுத்தால் "மறதி அதிகம்" என்ற ஒற்றை வரியைவிட ஆயிரம் மடங்கு பயன்படும்.

கண்புரை இருந்தாலோ, விரல் மூட்டு வலித்தாலோ, நல்ல வெளிச்சம் இல்லாவிட்டாலோ யாருக்கும் தப்பு வரும். அப்புறம், பேரப்பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி வேடிக்கை பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கத்தரிக்கோலால் நேராக வெட்ட வரவில்லை. புத்தி மந்தமா? (தொண்டி)

பதில்: அதை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. விரல் பலம், பார்வை, பழக்கம் எல்லாம் சேர்ந்த வேலை அது. பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, பேச்சு இவற்றிலும் பின்தங்கினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. இந்தத் தையல் சோதனை செய்ய முடியுமா? (மண்டபம்)

பதில்: தோல் துண்டை யாராவது பிடித்துக்கொண்டால் இடது கையால் செய்யலாம். பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய துளைகள் உள்ள துண்டும் உண்டு. பேச்சைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருந்தால் அதைச் சோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நேற்றுவரை நன்றாக இருந்த பாட்டி, காய்ச்சல் வந்த இரண்டு நாளில் ஆளையே அடையாளம் தெரியாமல் பேசுகிறார். இந்தச் சோதனை எங்கே செய்வார்கள்? (தேவிபட்டினம்)

பதில்: இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். திடீரென்று வரும் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில்தான் இருக்கும்: கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ இறங்குவது. இன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.