ஸ்பீட்வே பந்தயத்தில் ஓடுதளத்தின் நிலை ரசிகருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

ஸ்பீட்வே என்பது, பிரேக் இல்லாத 500 சிசி மோட்டார் சைக்கிள்களில் நான்கு வீரர்கள் நீள்வட்டத் தளத்தை நான்கு முறை சுற்றும் பந்தயம். பிரிட்டனின் லீக் ஆட்டமொன்றில் வழக்கமாக 15 பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால், ஒரு மாலைப்பொழுதுக்குக் கட்டணம் செலுத்திய ரசிகர் உண்மையில் காண்பது கால் மணி நேர ஓட்டமே. அதற்குள் வீரர்கள் ஒருவரையொருவர் முந்துகிறார்களா என்பதைப் பொறுத்தே அந்தக் கட்டணத்துக்குப் பெறுமதி உண்டு என்பது என் உறுதியான கருத்து.

முந்துவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் வேண்டும். தளத்தின் மேற்பரப்பு தளர்வான துகள்களால் ஆனது. வளைவுகளில் சறுக்கும் பின்சக்கரம் அவற்றை வெளிப்புறமாக வாரியெறிகிறது. போதிய ஈரம் இருந்தால், அங்கே சேரும் துகள்களில் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைப்பதால், நீண்ட தூரம் சுற்றும் வீரரும் கூடுதல் வேகத்தோடு வளைவிலிருந்து வெளிவர முடியும். தளம் காய்ந்து வழுக்கத் தொடங்கினால் உட்பாதை மட்டுமே பயன்தரும். முதல் வளைவில் முன்னிலை பெற்றவரே பெரும்பாலும் வெல்வார். கடற்கரையில் ஈர மணலில் காலூன்றி ஓட முடிவதும், உலர்ந்த மணலில் கால் நழுவுவதும் இதே காரணத்தால்தான். அளவுக்கு மீறிய ஈரமோ ஆபத்தானது. ஆகவே, இடைவேளைகளில் டிராக்டர் தளத்தைச் சமன்செய்வதும் தண்ணீர் தெளிப்பதும் வீண் தாமதமல்ல.

புழுதி பறந்தால் பந்தயம் விறுவிறுப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். தளம் ஈரமிழந்துவிட்டது என்பதையே அது காட்டுகிறது.