பக் நாய்க்கு ஆபரேஷன்: எஸ்டிமேட்டில் எதைக் குறைக்கக் கூடாது?

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு 4 வயது. கருத்தடை ஆபரேஷனுக்கு கிளினிக்கில் கொடுத்த எஸ்டிமேட்டில் முன்மயக்க ஊசி, ஆக்சிஜன், மானிட்டர், மயக்கம் முறிக்கும் ஊசி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். எல்லாமே தேவையா?

பதில்: ஆக்சிஜனிலும் மானிட்டரிலும் கை வைக்காதீர்கள். பக் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறோம்.

முன்மயக்க ஊசி, அதாவது முழு மயக்கத்துக்கு முன் நாயை அமைதிப்படுத்தப் போடும் ஊசி, எந்த மருந்து என்று கேளுங்கள். சைலசின் அல்லது டெக்ஸ்மெடெடோமிடின் என்றால், ரத்தக் குழாய்கள் சுருங்கி முதலில் ரத்த அழுத்தம் ஏறும். உடனே இதயம் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 100 இருந்தது 50க்கு இறங்கலாம், ஈறும் வெளிறித் தெரியும். துடிப்பு குறைந்துவிட்டதே என்று, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி போட்டால், ஏறியிருக்கும் அழுத்தத்தை எதிர்த்து இதயம் இன்னும் வேகமாக உழைக்க வேண்டிவரும். எப்போது மருந்து கொடுக்க வேண்டும், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பது துடிப்பை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆகவே மானிட்டரில் ரத்த அழுத்தமும் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மருந்துகளையும் அடிபமிசோல் ஊசியால் முறிக்கலாம். அந்தக் கட்டணம் நியாயமானது. அசிப்ரோமசின் என்ற இன்னொரு முன்மயக்க மருந்து வேறு மாதிரி: ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கும், விளைவு 4 முதல் 6 மணி நேரம்வரை நீடிக்கும், முறிக்க மருந்து கிடையாது. அதை மட்டும் போட்டுவிட்டு முறிப்பு ஊசிக்கும் பணம் கேட்டால், எதற்கென்று விளக்கம் கேளுங்கள்.

பக் நாய்க்கு இதயத்தைவிட மூச்சுதான் பெரிய கவலை. ஊசி ஏறித் தொண்டைத் தசை தளர்ந்ததும், நீண்ட மெல்லண்ணம் (வாயின் மேல்பகுதியில் பின்னால் இருக்கும் மென்மையான சதை) மூச்சு வழியில் விழுந்து அடைக்கும். ஆபரேஷன் மேஜைக்குப் போகும் முன்பே, கூண்டில் தனியாகப் படுத்திருக்கும்போதே இது நடக்கலாம். குறட்டைச் சத்தம் பெரிதாகி, நெஞ்சு அசைந்தும் காற்று உள்ளே போகாமல் இருந்தால் அடைப்புதான். உடனே கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே இழுத்து, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட நொடியிலிருந்து ஒருவர் பக்கத்திலேயே இருப்பாரா என்று கேளுங்கள். முழு மயக்கத்துக்கு முன் 3 முதல் 5 நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன் கொடுப்பது நல்லது. ரத்த ஆக்சிஜன் அளவு 95க்கு மேல் இருக்க வேண்டும், 90க்குக் கீழே போனால் ஆபத்து. மூச்சுக்குழாயில் வைத்த டியூபை நாய் நன்றாக விழித்து, தானாக விழுங்கத் தொடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

அன்று காலை எடை மெஷினில் நிறுத்துச் சொல்லுங்கள். 7 கிலோ நாயை 9 கிலோ என்று உத்தேசமாகச் சொன்னால் மருந்து கால் பங்குக்கு மேல் கூடிவிடும். இரவில் மூச்சுத் திணறி எழுகிறதா, எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறதா, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருப்பதாக முன்பு யாராவது சொன்னார்களா என்பதையும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதயக் கோளாறு இருக்கும் நாய்க்குப் பொதுவாக சைலசினைத் தவிர்த்துவிடுவார்கள்.