கடலூர் வெயிலில் கார வெண்ணெய்

கேள்வி: அன்புள்ள அக்கா, போன மாதம் புதுச்சேரி போயிருந்தபோது ஒரு பேக்கரியில் ரொட்டியோடு தேனும் மிளகாயும் கலந்த வெண்ணெய் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. வீட்டில் செய்து பார்த்தேன். ‘ரூம் டெம்பரேச்சரில் இரண்டு மணி நேரம் வைக்கவும்’ என்று ஒரு குறிப்பில் இருந்ததால் கால் கிலோ வெண்ணெயை வெளியே வைத்து, பிறகு தேனும் மிளகாய்த்தூளும் போட்டுக் கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தேன் அடியில் நிற்கிறது, வெண்ணெய் மணல் மணலாக இருக்கிறது, மிளகாய்த்தூள் பச்சை வாடை அடிக்கிறது. எங்கே தப்பு? தேனுக்குப் பதில் வெல்லம் போடலாமா? எத்தனை நாள் தாங்கும்? நாத்தனாரின் ஒன்பது மாதக் குழந்தையும் எங்களோடு இருக்கிறது. அதன் நாக்கில் கொஞ்சம் தொட்டு வைக்கலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் சில சமயம் ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். நம் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாமல் போய்விடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடலாம், அது குழந்தையின் உடம்பையே துவளச் செய்துவிடும். நாம் அடுப்பில் சுட வைக்கிற சூட்டுக்கெல்லாம் அந்த வித்துகள் சாகாது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பக்குவமாக எடுத்துச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

சரி, இனி வெண்ணெய்க்கு வருவோம். தப்பு உங்கள் கையில் இல்லை. குளிர் நாட்டு அடுப்படியில் ‘ரூம் டெம்பரேச்சர்’ என்றால் 20 டிகிரி. நம் ஊரில் கோடை மதியம் மின்விசிறிக்குக் கீழேயே 33, 34 டிகிரி இருக்கும். வெண்ணெய் முழுசாக உருகுவதற்கு அந்தச் சூடு கிட்டத்தட்டப் போதும். இரண்டு மணி நேரம் வெளியே வைத்த வெண்ணெய் உங்கள் கிண்ணத்தில் எண்ணெயாகத்தான் நின்றிருக்கும்.

உருகினால் என்ன, மறுபடி உறைந்துவிடாதா என்று தோன்றும். உறையும், ஆனால் பழைய வெண்ணெயாக உறையாது. 100 கிராம் வெண்ணெயில் சுமார் 80 கிராம்தான் கொழுப்பு. 16 கிராம் போலத் தண்ணீர், மீதி பாலின் மற்ற சத்துகள். கடையும்போது அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கொழுப்புக்குள் சிக்கிக்கொள்கிறது. வெண்ணெய் வழுவழுவென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உருகியதும் துளிகள் ஒன்றுசேர்ந்து அடியில் இறங்கிவிடும். தேன் கொழுப்பில் கரையாது, தண்ணீரில்தான் கரையும், எடையும் அதிகம். அதனால் தேனும் கூடவே அடிக்குப் போய்விட்டது. மேலே தனியாக நின்ற கொழுப்பு மெதுவாகக் குளிர்ந்து மணல் மணலாக உறைந்துவிட்டது. நெய்யில் அந்த மணலைப் பார்த்துத்தான் நல்ல நெய் என்று வாங்குகிறோம். ரொட்டியில் தடவுகிற வெண்ணெயில் அது வந்தால் நாக்கில் நறநறக்கும்.

ஆக, வெண்ணெய் இளக வேண்டும், உருகக் கூடாது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலை எடுத்தால் எண்ணெய் பளபளக்கக் கூடாது. அந்தப் பதம். சித்திரை வைகாசியில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்தால் பத்து நிமிஷத்துக்குள் இந்தப் பதம் வந்துவிடும். மார்கழியில் அரை மணி ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன், இங்கேயும் அதே கடல், அதே புழுக்கம். கோடையில் இந்த வேலையைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வேன், ஒரு அகலப் பாத்திரத்தில் ஐஸ் தண்ணீரும் பக்கத்தில் தயாராக இருக்கும். கலக்கும்போது ஓரத்தில் பளபளப்பு தெரிந்தால் கிண்ணத்தை அந்தத் தண்ணீரில் ஒரு நிமிஷம் உட்காரவைத்துக் கலக்குவேன். மிக்ஸி வேண்டாம். பிளேடு சுற்றுகிற வேகத்தில் ஜார் சூடேறி வெண்ணெயை உருக்கிவிடும். மரக்கரண்டி போதும்.

அடுத்தது மிளகாய். பச்சையாகத் தூவினால் பச்சை வாடை வரத்தான் செய்யும், சாம்பாரில் கொதிக்காத மிளகாய்த்தூள் மாதிரி. மிளகாயின் காரமும் நிறமும் தண்ணீரில் சரியாக இறங்காது, கொழுப்பில்தான் இறங்கும். அதனால் அதே வெண்ணெயில் கொஞ்சம் எடுத்துத் தாளித்துக்கொள்ளுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு ஸ்பூன் எடுத்துத் தாளிக்கிற கரண்டியில் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். நுரைத்துக்கொண்டு சடசடக்கும். தண்ணீர் வெளியேறுகிற சத்தம் அது. சத்தம் அடங்கியதும் அடுப்பிலிருந்து இறக்குங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூளும், அரை டீஸ்பூன் கொரகொரப்பாக இடித்த நீட்டு மிளகாயும் போடுங்கள். கரண்டியின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் குங்குமச் சிவப்பு பரவும், வறுத்த வாசனை எழும். அடுப்பின் மேலேயே தூளைப் போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் கறுத்துக் கசந்துவிடும். அப்படி ஆனால் கொட்டிவிட்டு வேறு செய்யுங்கள், அந்தக் கசப்பு எதிலும் மறையாது. பிள்ளைகளுக்குக் காரம் குறைய வேண்டுமென்றால் விதையை மட்டும் தட்டினால் போதாது. விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் காரம் அதிகம், அதையும் கிழித்து எடுத்துவிட்டு இடியுங்கள். தாளித்ததை நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் பழைய கதைதான்.

வெல்லம் போடலாமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். எனக்குத் தேனைவிட வெல்லம்தான் இதில் பிடிக்கும். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள் நாம். மாவில் காய்ந்த மிளகாய், தட்டில் ஒரு கட்டி வெல்லம், சூடான அடையின் மேல் வழுக்கி ஓடுகிற வெண்ணெய். பேக்கரியில் உங்கள் பிள்ளைகள் ருசித்தது இதே சேர்க்கையைத்தான். தீபாவளி லேகியத்தைப் பாருங்கள், வெல்லம், நெய், சுக்கு, மிளகு எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. மிளகாய்க்குப் பதில் சுக்குப்பொடி அரை டீஸ்பூனும் இடித்த மிளகு ஒரு டீஸ்பூனும் போட்டு இதே வெண்ணெயைச் செய்தால் அது ஒரு தனி ருசி. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அதுதான்.

வெல்லத்தை அப்படியே பொடித்துப் போடாதீர்கள். கொழுப்பில் கரையாது, பல்லில் கடிபடும், மண்ணும் இருக்கும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பைப் பார்த்து வளர்ந்தவருக்கு நல்ல வெல்லம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 50 கிராம் வெல்லத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி கொதிக்க விடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிசுபிசுக்கும்போதே இறக்கிவிடுங்கள். கம்பி இழுக்கும் வரை விட்டால் குளிர்ந்த வெண்ணெயில் மிட்டாய் மாதிரி இறுகிவிடும். ஆறினால் தேன் பதத்தில் நிற்க வேண்டும். அதில் இரண்டு மேசைக்கரண்டி, 200 கிராம் வெண்ணெய்க்கு. அதற்கு மேல் போட்டால் வெண்ணெய் வாங்கிக்கொள்ளாமல் கசியவிடும். இந்தக் கணக்கு தேனுக்கும் அப்படியேதான்.

கலக்குவது எளிது. வெண்ணெயை முதலில் தனியாக, வெளுத்துக் கிரீம் போல வரும் வரை அடித்துக்கொள்ளுங்கள். மிளகாய்த் தாளிப்பு, அரை டீஸ்பூன் உப்பு, அப்புறம் பாகு. பாகை ஸ்பூன் ஸ்பூனாக, ஒன்று கலந்த பிறகு அடுத்தது. உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் உப்பைத் தவிர்த்துவிடுங்கள். புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாறு விடாமல் தோலை மட்டும் துருவிப் போடுங்கள். செய்த அன்று காரம் போதாது போலத் தெரிந்தாலும் கூட்ட வேண்டாம். ஒரு ராத்திரி இருந்தால் இடித்த மிளகாயின் காரமும் இறங்கிவிடும்.

வீட்டில் ஏடு சேர்த்துக் கடைந்த வெண்ணெயிலும் செய்யலாம், ருசி ஒரு படி மேல். ஆனால் மோர் துளிகூடத் தங்கக் கூடாது. ஐஸ் தண்ணீரில் மூன்று தடவை, கழுவுகிற தண்ணீர் தெளிவாக வரும் வரை கழுவி, கையால் அழுத்தி நீரைப் பிழிந்துவிடுங்கள். மோர் தங்கினால் நாலு நாளில் சிக்கு வாடை வந்துவிடும்.

எத்தனை நாள் தாங்கும் என்றால், ஃப்ரிட்ஜில் மூடி வைத்துப் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். பட்டர் பேப்பரில் உருளையாகச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் இருக்கும், வேண்டும்போது வட்டமாக வெட்டி எடுக்கலாம். பச்சைப் பூண்டு மட்டும் போட்டு வைக்காதீர்கள். கொழுப்புக்குள் காற்றுப் படாமல் கிடக்கும் பச்சைப் பூண்டில், நான் தொடக்கத்தில் சொன்ன அதே நுண்ணுயிரி வளர இடமுண்டு. ஆசையாக இருந்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்து அன்றே சாப்பிடுங்கள்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை புயல் காலம், அப்போது கொஞ்சமாகச் செய்வது நல்லது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கும் நினைவிருக்கும். நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டிலிருந்த வெறும் வெண்ணெயை எல்லாம் அன்று சாயங்காலமே நெய்யாகக் காய்ச்சி வைத்துக்கொண்டேன். பாகும் மிளகாயும் கலந்த வெண்ணெயை அப்படிக் காய்ச்ச முடியாது, அடிப்பிடித்துக் கருகும். ஒரு டப்பாவை அப்படியே கொட்ட வேண்டியதாகிவிட்டது.

கெட்டுப்போனதாக நினைத்து அந்தக் கால் கிலோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிந்திருக்கிறதே தவிரக் கெடவில்லை. பண்ருட்டிப் பலாவின் கொட்டை கிடைத்தால் வேகவைத்துத் தோலுரித்து இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அகல வாணலியில் இந்த வெண்ணெயை மூன்று ஸ்பூன் போட்டுச் சிறு தீயில் புரட்டுங்கள். மிளகாயின் பச்சை வாடை போய்விடும், தேன் கொட்டையின் மேல் பளபளவென்று பூசிக்கொள்ளும், ஓரம் லேசாகச் சிவக்கும்போது உப்புத் தூவி இறக்குங்கள். சோளக்கதிர் சுட்டுத் தடவினாலும் சரி, துறைமுகத்து இறாலைத் தோசைக்கல்லில் போட்டு இறக்குகிற நேரத்தில் ஒரு ஸ்பூன் விட்டாலும் சரி, நன்றாக இருக்கும். தேன் கலந்திருப்பதால் தீயை மட்டும் ஏற்றாதீர்கள்.