மொண்டு மொண்டு ஊற்றட்டும்!

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. வீடியோக்களைப் பார்த்து, தண்ணீரை வைத்துச் சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் செய்து காட்ட ஆசைப்படுகிறேன். கண்ணாடி டம்ளர்களில் வண்ணத் தண்ணீர் ஊற்றி, நடுவில் டிஷ்யூ காகிதம் வைத்து எல்லாம் தயார் செய்வேன். விளக்கத் தொடங்குவதற்குள் அத்தனையையும் டப்பில் கவிழ்த்துவிட்டு, கப்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கவனம் போதவில்லையா? இந்த வயதுக்கு எதைச் செய்து காட்டலாம்? தண்ணீரில் ஆடினால் சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் வேறு தடுக்கிறார்கள்.
– ஒரு வாசகி

பதில்: ஒரே வேலையை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிற குழந்தைக்குக் கவனம் போதவில்லை என்று எப்படிச் சொல்வது? கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பேச்சு வரவில்லை என்பது போன்ற கவலைகள் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். டம்ளரைக் கவிழ்ப்பதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

டிஷ்யூவில் நிறம் ஏறும் சோதனை அழகானதுதான். ஆனால் பக்கத்து டம்ளரில் தண்ணீர் சேர வெகுநேரம் பிடிக்கும். இரண்டரை வயதுக்குக் கை வைத்த உடனே ஏதாவது நடந்தாக வேண்டும். ஊற்றுவதில் அது நடக்கிறது. அதனால் அவன் தேர்ந்தெடுத்த விளையாட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். அகலமான கிண்ணம், ஒல்லியான பாட்டில், புனல், ஸ்பாஞ்ச் என்று பாத்திரங்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரை ஒல்லிப் பாட்டிலில் ஊற்றியதும் "நிறைய ஆயிடுச்சு" என்பான். திருத்தாதீர்கள். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறேழு வயதை ஒட்டித்தான் பிடிபடும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இப்போது நாம் விளக்கிப் பயனில்லை. அவன் ஊற்றிப் பார்த்துப் பார்த்துத்தான் அது வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டைப் பாட்டில். மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடியை ஒட்டி ஊசியால் ஒரு சிறு துளை இடுங்கள். இது உங்கள் வேலை. தண்ணீர் நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து டப்புக்கு மேலே பிடித்தால் மெல்லிய தாரை பீய்ச்சும். மூடியை இறுக்குங்கள், நின்றுவிடும். தளர்த்துங்கள், மறுபடி வரும். மேலிருந்து காற்று உள்ளே போக வழியில்லாததால் தண்ணீரால் இறங்க முடியவில்லை என்பது காரணம். அதை அவனிடம் சொல்ல வேண்டாம். "இப்ப மூடட்டுமா? என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சில முறைக்குப் பிறகு, நீங்கள் மூடியைத் தொடும்போதே அவன் கண் துளைக்குப் போகும். அடுத்து என்ன நடக்கும் என்று அவன் கணித்துவிட்டான். நீங்கள் கற்றுத்தர ஆசைப்பட்ட அறிவியல் அதுதான். தண்ணீர் குறையக் குறையத் தாரை கிட்டத்திலேயே விழுவதையும் ஒருநாள் அவனே கண்டுபிடிப்பான்.

மிதப்பது, மூழ்குவது எல்லோரும் செய்வதுதான். எவர்சில்வர் ஸ்பூனையும் எவர்சில்வர் கிண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். கனமான கிண்ணம் மிதக்கும், லேசான ஸ்பூன் மூழ்கும். பிறகு கிண்ணத்துக்குள் அவனே தண்ணீர் ஊற்றட்டும். விளிம்பு தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் சட்டென்று உள்ளே போகும் அந்த நொடிக்காகவே மறுபடி மறுபடி செய்வான்.

அவன் கைக்குப் பெரிதான ஒரு பொம்மையைத் தண்ணீரில் போட்டு, கிண்ணத்தோடு ஃப்ரீசரில் உறைய வையுங்கள். அந்தக் கட்டியை டப்பில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கப்பால் ஊற்றி ஊற்றிப் பொம்மையை மீட்பது அவன் பொறுப்பு. சின்ன ஐஸ் துண்டுகள் வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். டப் வைக்க நேரமில்லாத நாளில் பிரஷ்ஷும் தண்ணீரும் கொடுத்து வெளிச்சுவரில் 'பெயிண்ட்' அடிக்கச் சொல்லுங்கள். வெயில் பட்ட இடம் சீக்கிரம் காயும், நிழலில் ஈரம் நிற்கும். 'எங்கே போச்சு?' என்று அவனே கேட்பான்.

இனி சொல்வதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான தண்ணீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கிவிடும். இந்த வயதில் உடம்புக்குத் தலை கனம். குப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. கத்தவும் முடியாது என்பதால் பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சத்தமே கேட்காது. கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அழைப்பு மணி அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் திறங்கள். ஆட்டம் முடிந்ததும் டப்பைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். குளியலறை வாளிக்கும் இதே விதிதான். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் ஊதிக் குடலை அடைக்கும், அறுவை சிகிச்சை வரை போகும்.

சளிக்குக் காரணம் வைரஸ் கிருமிகள். தண்ணீரில் ஆடுவதால் மட்டும் சளி வராது. பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அதே நேரம், ஈர உடையோடு நெடுநேரம் இருந்தால் குழந்தைக்குக் குளிரும் என்ற அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், உங்கள் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துவிடுங்கள், மாற்று உடையையும் துண்டையும் முன்பே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதடு வெளிறினாலோ உடம்பு நடுங்கினாலோ உடனே துவட்டி உடை மாற்றிவிடுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் டப்பை எடுக்கவே வேண்டாம்.