கடலடிக் குழாய்க்கு ஆனோடு டிசைன்: மென்பொருள் வாங்கணுமா, எக்செல் போதுமா?

கேள்வி: "12 கி.மீ நீளத்துக்கு 12 அங்குலக் குழாய் ஒன்றைக் கடலடி மண்ணில் புதைக்கப்போகிறோம். மூன்றடுக்கு பாலிஎத்திலீன் பூச்சு, அதன்மேல் கான்கிரீட், 25 வருட ஆயுள். ஒரு முனை கடலில் நிற்கும் மேடையில், மறுமுனை கரையில். கதோடிக் பாதுகாப்பு டிசைனுக்கு பீஸி, காம்சால் மாதிரி மாடலிங் மென்பொருள் ஏதாவது வாங்கலாமா என்று மேனேஜர் கேட்கிறார். எக்செல் போதாதா?"

கதோடிக் பாதுகாப்பு என்பது, எஃகுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகத் துண்டுகளை (ஆனோடு) பொருத்தி, அவை தரும் மின்னோட்டத்தால் எஃகு துருப்பிடிக்காமல் காப்பது. நடுவில் இருக்கும் நேர்க்குழாய்க்கு எக்செல் தாராளமாகப் போதும். சிக்கல் இரண்டு முனைகளிலும்தான், அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். குழாயின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 12,200 சதுர மீட்டர். புதைந்த குழாய், உள்ளே ஓடுவது 50 டிகிரிக்கு மேல் போகாது என்றால், பூச்சு இல்லாத எஃகுக்கு சதுர மீட்டருக்கு 0.020 ஆம்பியர் எடுப்பது வழக்கம். பூச்சின் சேதக் காரணி (பூச்சு கெட்டு எஃகு வெளியே தெரிவதாகக் கொள்ளும் பங்கு) தொடக்கத்தில் 0.001, வருடத்துக்கு 0.00003 கூடுகிறது என்று வைத்தால் 25 வருடச் சராசரி 0.001375. மூன்றையும் பெருக்கினால் 0.34 ஆம்பியர், ஒரு செல்போன் சார்ஜர் தருவதைவிடக் குறைவு! மண்ணுக்குள் இருக்கும் அலுமினிய ஆனோடுக்குக் கிலோவுக்கு 1,500 ஆம்பியர்-மணி, அதில் 80 சதவீதம்தான் பயன்படும் என்று பிடித்தால், 25 வருடத்துக்கும் சேர்த்து 61 கிலோ போதும் என்று வரும்.

ஆனால் யாரும் 61 கிலோ போடுவதில்லை. இரண்டு ஆனோடுகளுக்கு நடுவே 300 மீட்டருக்கு மேல் விடுவதில்லை என்ற பழக்கத்தைப் பிடித்தாலே 40 ஆனோடு வந்துவிடும். அப்புறம், குழாயைச் சுற்றிப் பூட்டும் இந்த வளைய ஆனோடுகள் கான்கிரீட்டின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் பதிக்கும் கப்பலின் உருளைகளில் ஏறி இறங்கும்போது இடிபடும். 50 மி.மீ தடிமனில் 40 செ.மீ நீளத்துக்கு வார்த்தாலே ஒன்று 50 கிலோவை நெருங்கும். ஆக மொத்தம் 2,000 கிலோ. அதாவது உங்கள் ஆனோடு எடையை முடிவு செய்வது மின்வேதியியல் இல்லை, கான்கிரீட்.

இப்போது அதே கணக்கில் சேதக் காரணியை மட்டும் 5 சதவீதமாக (0.05) மாற்றிப் பாருங்கள். தேவை 2,200 கிலோவைத் தாண்டும், கடலில் இறக்கிய அந்த 2,000 கிலோவும் போதாது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய மென்பொருளும் இந்த எண்ணை உங்களிடம்தான் கேட்கும், தானாகக் கண்டுபிடிக்காது. அதனால் பூச்சு யார் போடுகிறார்கள், வெல்டிங் செய்த இடங்களில் குழாய் பதிக்கும் பார்ஜின் மேல் என்ன ஸ்லீவ் (பூச்சுக்குப் பதிலான உறை) சுற்றுகிறார்கள் என்று விசாரிப்பதில் ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. தொழிற்சாலைப் பூச்சு எப்படியும் நன்றாகத்தான் இருக்கும், கோட்டை விடுவது பெரும்பாலும் அந்த ஜாயின்ட்களில்தான்.

சரி, முனைகளுக்கு வருவோம். மேடையின் ஜாக்கெட்டோடு (மேடையைத் தாங்கும் எஃகுச் சட்டகம்) ரைசர் (கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாய்) மின்தொடர்பில் இருந்து, ஜாக்கெட்டின் பழைய ஆனோடுகள் கரைந்து தீரும் நிலையில் இருந்தால், அந்த இரும்புக் காடு உங்கள் குழாயின் ஆனோடுகளிலிருந்து மின்னோட்டத்தை உறிஞ்சும். 12.7 மி.மீ சுவருள்ள உங்கள் குழாயில் ஒரு ஆம்பியர் ஒரு கி.மீ ஓடினால் 16 மில்லிவோல்ட் இழப்பு. மண்ணில் ஆனோடின் மின்னழுத்தம் (பொட்டென்ஷியல்) −0.95 வோல்ட், எஃகுக்கு வேண்டியது −0.80 வோல்ட் (இரண்டும் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனை அளவில்), ஆகக் கையில் இருப்பதே 150 மில்லிவோல்ட்தான். எந்த ஆனோடு முதலில் தீரும், எத்தனை கி.மீ வரை பாதிப்பு பரவும் என்பதெல்லாம் எக்செல்லில் உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை. கரைப்பக்கமும் இதே கதைதான்: நிலத்துக் குழாய்க்கு ரெக்டிஃபையர் (வெளியிலிருந்து நேர்மின்னோட்டம் தரும் கருவி) வைத்த பாதுகாப்பு, கடலில் ஆனோடு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கெடுக்கலாம். பக்கத்தில் வேறு குழாய் குறுக்கே போனாலும், டூப்ளெக்ஸ் என்ற துருப்பிடிக்காத எஃகு வகை இருந்தாலும் (பொட்டென்ஷியல் −1.1 வோல்ட் பக்கம் இறங்கினால் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும்) மாடலிங் தேவை.

அந்த நிலை வந்தால், பீஸி பரப்புகளை மட்டும் கட்டங்களாகப் பிரிக்கும், கடல் முழுவதையும் பிரிக்க வேண்டாம் என்பதால் ஜாக்கெட் மாதிரி பெரிய அமைப்புக்கு வசதி. காம்சால் எல்லாவற்றுக்கும் வளையும், ஆனால் மாடலைக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரே ஒரு புராஜெக்ட்டுக்கு லைசன்ஸ் எடுப்பதைவிட, ஏற்கெனவே வைத்திருக்கும் ஆலோசகரிடம் முனைகளை மட்டும் கொடுத்துச் செய்வது மலிவு என்பது என் கருத்து.

வாங்குவதாகவே முடிவானால், விற்பவரிடம் ஒரு நீளமான குழாய், இரண்டு முனையில் மட்டும் ஆனோடு என்று கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். இதற்குக் கைக்கணக்கு விடை உண்டு. எஃகுக்குள் நடக்கும் மின்னழுத்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல் குழாய் முழுக்க ஒரே பொட்டென்ஷியல் காட்டினால், டெமோவை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அதற்கெல்லாம் முன்பு, ரைசர் வரைபடத்தில் ஐசோலேஷன் ஜாயின்ட் (மின்தொடர்பைத் துண்டிக்கும் இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஜாக்கெட்டின் கடைசி பொட்டென்ஷியல் சர்வே அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், மென்பொருளா எக்செல்லா என்பது அதைப் படித்த உடனே தெரிந்துவிடும்.