அடினோசினும் காலை நேரத்து டீயும்

மருத்துவப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் என் அம்மா. மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்கிறார். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். முட்டி வலியால் அவரால் டிரெட்மில்லில் நடக்க முடியாது என்பதால், அடினோசின் என்ற மருந்தை ஏற்றி இதயத்தை ஸ்கேன் எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாதாம். காலையில் டீ இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். அரை டம்ளர் குடித்தால் என்ன கெட்டுவிடும்? அந்த மருந்து உடம்பில் என்னதான் செய்கிறது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அரை டம்ளரும் வேண்டாம். காரணம் புரிந்துவிட்டால் அம்மாவே டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார் என்று நம்புகிறேன். ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அடினோசின் என்பது ஊசி மருந்தாக வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறு. அடினீன் என்ற காரமும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்தால் அடினோசின். அதனோடு மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருந்தால் அதுவே செல்லின் எரிபொருளான ஏடிபி. செல் வேலை செய்யும்போது இந்தப் பாஸ்பேட்டுகள் கழல்வதும், வந்து சேரும் ஆக்சிஜனைக் கொண்டு செல் அவற்றை உடனுக்குடன் மீண்டும் கோத்துக்கொள்வதும் ஓயாமல் நடக்கின்றன. மனித இதயம் ஒரு நாளில் இப்படிப் புதுப்பிக்கும் ஏடிபி சுமார் 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதயத்தின் எடையோ 300 கிராம் அளவுதான்.

வேலை கூடி, வரும் ஆக்சிஜன் போதாமல் போனால், கோக்கும் வேகம் பின்தங்குகிறது. ஒரே பாஸ்பேட் மிஞ்சிய ஏஎம்பி சேரத் தொடங்குகிறது. அந்தக் கடைசிப் பாஸ்பேட்டையும் ஒரு நொதி கழற்றிவிட, வெறும் அடினோசின் எஞ்சுகிறது. இந்த ஏற்பாட்டில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இதன் கூருணர்வு. செல்லுக்குள் ஏடிபி மிகுதியாகவும் ஏஎம்பி மிகச் சொற்பமாகவும் இருப்பதால், ஏடிபி சிறிதளவு குறைந்தாலே ஏஎம்பி பல மடங்கு பெருகிவிடும். எரிபொருள் தீர்ந்துபோன பிறகு அன்றி, குறையத் தொடங்கும்போதே அடினோசின் கூடிவிடுகிறது.

அது செல்லைவிட்டு வெளியேறி அருகில் ஓடும் நுண்தமனியின் சுவரை அடைகிறது. அந்தச் சுவரைச் சுற்றியிருக்கும் மென்தசைச் செல்களில் ஏ2 வகை ஏற்பிகள், அதாவது அடினோசின் வந்து பொருந்துவதற்கான இடங்கள், உள்ளன. அடினோசின் அவற்றில் பொருந்தியதும் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூது மூலக்கூறு கூடுகிறது, பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. குழாயில் ஓடும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதால், ஆரம் 20 சதவீதம் கூடினாலே ஓட்டம் ஏறக்குறைய இரு மடங்காகும். இரத்தம் போதிய அளவு வந்ததும் ஆக்சிஜன் நிறைகிறது, அடினோசின் உற்பத்தி குறைகிறது, மிஞ்சியதைச் சிவப்பணுக்களும் குழாயின் உட்சுவர்ச் செல்களும் உறிஞ்சிக்கொள்கின்றன. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு. ஆகவே தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரம் மட்டுமே குழாய் விரிகிறது. மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், உழைக்கும் உறுப்பே தனக்கு வேண்டிய இரத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அம்மா கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு மேடேறிய நாட்களில், ஓய்வில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 3 அல்லது 4 மில்லி இரத்தமே பெற்றுக்கொண்டிருந்த அவருடைய கெண்டைக்கால்கள் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பெற்றது இத்தகைய உள்ளூர் ஏற்பாடுகளால்தான்.

இதயத் தசைக்கு மட்டும் ஒரு தனி நெருக்கடி உண்டு. கைகால் தசைகள் ஓய்வில் தம்மிடம் வரும் ஆக்சிஜனில் கால் பங்கு அளவே எடுத்துக்கொள்வதால், தேவை வந்தால் கூடுதலாக எடுக்க இடம் இருக்கிறது. இதயமோ ஓய்விலேயே சுமார் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனி ஒன்றில் அடைப்பு இருந்தால், அதற்கு அப்பால் உள்ள நுண்தமனிகள் ஓய்விலேயே விரிந்து நின்று குறையை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். மேடேறும்போது இன்னும் விரிய அவற்றுக்கு இடம் இருக்காது. அம்மாவின் நெஞ்சடைப்புக்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றுத்தான் இந்த ஸ்கேனைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கேனின் அடிப்படையும் இதுவே. உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 4 முதல் 6 நிமிடம் அடினோசினைச் சிரை வழியாக ஏற்றுவார்கள். நல்ல தமனியின் பகுதிக்கு இரத்தம் 3, 4 மடங்காகப் பாயும். அடைபட்ட தமனியின் பகுதியில் கூடாது. அந்த ஏற்றத்தாழ்வைப் படம் காட்டும். மேடேறாமலேயே மேடேறிய நிலையை நுண்தமனிகளில் உண்டாக்கிப் பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தச் சில நிமிடங்களில் முகம் சிவந்து சூடேறும், நெஞ்சு இறுகும், மூச்சு வாங்குவது போல் இருக்கும். மருந்தை நிறுத்திய ஓரிரு நிமிடங்களில் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே அறிந்து படுப்பவர்கள் பதற்றப்படுவதில்லை.

இனி டீ. டீயிலும் காபியிலும் உள்ள கஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்திருப்பதால் அதே ஏற்பிகளில் போய்ப் பொருந்திவிடுகிறது. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது போல, இடத்தை அடைத்துக்கொள்ளுமே தவிர அடினோசினின் வேலையை அது செய்யாது. ஒரு டம்ளர் டீயில் பொதுவாக 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இந்த நிலையில் அடினோசினை ஏற்றினால் நல்ல தமனியும் விரிய வேண்டிய அளவு விரியாது. நல்ல பகுதிக்கும் அடைபட்ட பகுதிக்கும் உள்ள வேறுபாடு மறைந்து, அடைப்பு இருந்தும் இல்லை என்று அறிக்கை வந்துவிடலாம். அம்மா ஏறக்கூடாத மேட்டை நிம்மதியாக ஏறத் தொடங்கிவிடுவாரே என்பதுதான் என் கவலை. குறைந்தது 12 மணி நேரம் என்பது பொது விதி. பல மருத்துவமனைகள் 24 மணி நேரம் கேட்கின்றன. உங்களிடம் சொன்னதையே கடைப்பிடியுங்கள்.

பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் டீ டீதான். கிரீன் டீ, கோலா பானங்கள், சாக்லேட் ஆகியவற்றிலும் கஃபீன் உண்டு. தலைவலிக்கும் இதே கதைதான் காரணம்: நாள்தோறும் வரும் கஃபீன் மூளையின் இரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கியே வைத்திருக்கிறது, திடீரென்று நிறுத்தினால் அடினோசினின் கை ஓங்கிக் குழாய்கள் விரிந்து தலை வலிக்கிறது. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே டீயின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வந்தால் வலி பெரும்பாலும் தெரியாது. தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் கஃபீன் கலந்திருப்பதால், எதைப் போடலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் குஞ்சப்பனை வழியாக இறங்கி மேட்டுப்பாளையத்தில் வண்டி நிற்கும்போது எல்லோரும் டீக்கடைக்குத்தான் போவார்கள். அன்று அம்மாவோடு நீங்களும் குடிக்காமல் இருந்தால் அவருக்கு எளிதாக இருக்கும். மறந்துபோய் ஒரு வாய் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போவது தவறான அறிக்கையைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: உழைக்கும் உறுப்புக்கு இரத்தம் கூடுவதற்கு அடினோசினே காரணம் என்று ஒரு நூலிலும், பல காரணிகளில் அதுவும் ஒன்று என்று வேறொரு நூலிலும் படித்தேன். தேர்வில் எதை எழுதுவது?
– உடலியல் மாணவர், உதகை

பதில்: இரண்டாவதை எழுதுங்கள், ஆனால் முதலாவது எப்படி வந்தது என்பதையும் அறிந்து எழுதுங்கள். அடினோசின் இதயத் துடிப்பைத் தணிக்கும், கரோனரி குழாய்களை விரிக்கும் என்பதை 1929-ல் ஆலன் துரூரியும் ஆல்பர்ட் செண்ட்-கியோர்கியும் வெளியிட்டார்கள். 1963-ல் ராபர்ட் பெர்ன், ஆக்சிஜன் குறைந்த இதயத்திலிருந்து வெளிவரும் இரத்தத்தில் அடினோசின் சிதைந்து உண்டாகும் இனோசினும் ஹைப்போசாந்தினும் இருப்பதைக் கண்டு, கரோனரி ஓட்டத்தை இதயத்தின் தேவைக்கேற்ப மாற்றுவது அடினோசினே என்ற கருதுகோளை முன்வைத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் எக்கெகார்ட் கெர்லாக் குழுவினரும் அதே முடிவுக்கு வந்தார்கள். அழகான கருதுகோள் அது. திசுவே உண்டாக்குகிறது, குழாயை விரிக்கிறது, தேவை கூடும்போது கூடுகிறது என மூன்று சோதனைகளில் அது தேறியது.

நான்காவது சோதனையில்தான் சிக்கல் எழுந்தது. அடினோசின் ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு ஆரோக்கியமான நாய்களை ஓடவிட்டுப் பார்த்தபோது, இதயத்துக்குப் போகும் இரத்தம் ஏறக்குறைய வழக்கம்போலவே கூடியது. நல்ல இதயத்தில் அன்றாட உழைப்புக்கு அடினோசின் இன்றியமையாதது அன்று என்பதே இதன் பொருள். ஆனால் தமனி குறுகிய இதயத்தில் அதே ஏற்பிகளை அடைத்தபோது, குறுகலுக்கு அப்பால் ஓட்டம் குறைந்தது. ஆக, ஆக்சிஜன் உண்மையிலேயே தட்டுப்படும்போதுதான் அடினோசினின் பங்கு பெரிதாகிறது. பாடநூல்கள் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. நோயாளியின் படுக்கையருகே பயன்படுவது அந்த ஒரு வரிதான்.

எஞ்சிய பணியைப் பொட்டாசியம் அயனி, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் அயனி, நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டகிளாண்டின்கள், சிவப்பணுக்கள் வெளியிடும் ஏடிபி ஆகியவை பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றவை ஈடுகட்டுவதால், ஒவ்வொன்றின் பங்கையும் தனியே அளப்பது கடினம். எலும்புத் தசையில் அடினோசினுக்கு ஒரு பங்கு நிச்சயம் உண்டு. மூளையிலும், உணவுக்குப் பிறகு குடலிலும் அப்படியே.

சிறுநீரகத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அங்கே வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்தமனியை அடினோசின் ஏ1 என்ற வேறு வகை ஏற்பி வழியாகச் சுருக்குகிறது. முரண்போலத் தோன்றும், ஆனால் சிறுநீரகத்துக்கு எவ்வளவு இரத்தம் வருகிறதோ அவ்வளவு உப்பு வடிகட்டப்படும், அதை மீட்டெடுக்க அவ்வளவு ஆக்சிஜன் செலவாகும். வரத்தைக் குறைத்தால் வேலையும் குறைகிறது. செலவுக்கும் வரவுக்கும் உள்ள சமநிலையைக் காப்பதே எல்லா இடத்திலும் அடினோசினின் பணி என்று கொண்டால் முரண் நீங்கிவிடும்.

ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் ஒன்றைச் செய்து பாருங்கள். மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சிஸ்டாலிக் (இரத்த அழுத்தத்தின் மேல் எண்) அளவுக்கு மேல் ஏற்றி 2 நிமிடம் வைத்துவிட்டுத் திறந்தால், வெளிறிய உள்ளங்கை நொடிகளில் செக்கச்செவேலென்று சிவந்து, விரல் நுனிவரை வெதுவெதுப்பு பரவும். தடைபட்ட நேரத்தில் சேர்ந்த அடினோசினும் அதன் கூட்டாளிகளும் குழாய்களைத் திறந்து வைத்திருந்ததன் விளைவு அது. மார்கழிக் குளிரில் உதகையில் செய்வதானால் முதலில் அறையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கியிருப்பதால் சிவப்பு சரியாகத் தெரியாது.

கேள்வி: மதுரையிலிருந்து உதகைக்கு வந்தால் முதல் ஓரிரு நாள் படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. இதுவும் அடினோசினாலா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் இல்லை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே. கழுத்துத் தமனியருகே உள்ள கரோட்டிட் உறுப்பு இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகிறது. உழைக்கும் தசையில் குழாய்கள் சற்றுக் கூடுதலாக விரிவதில் அடினோசினுக்குப் பங்கு இருக்கலாம். இரத்தத்தில் அதன் அளவு தெளிவாக உயர்ந்ததை 5,000 மீட்டருக்கு மேல் ஏறியவர்களிடம் அளந்திருக்கிறார்கள். மூச்சு வாங்குவதோடு நெஞ்சும் இறுகினால் மலையின் மீது பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடும் என் அப்பாவுக்கும் இந்த அடினோசின் ஸ்கேனைச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை நாங்களே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது. தியோஃபிலின் கஃபீனின் இனத்தைச் சேர்ந்தது. அதே ஏற்பிகளை அடைத்துப் பரிசோதனையைக் குலைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயை அடினோசின் சுருக்கக்கூடும். மாத்திரையும் இல்லாமல் அதை ஏற்றுவது ஆபத்தாகலாம். இத்தகையவர்களுக்கு, அடினோசின் ஏற்பிகளை நம்பாமல் இதயத்தின் வேலையையே கூட்டிப் பார்க்கும் டோபுடமின் மருந்தை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பதுண்டு. அப்பாவுக்கு ஆஸ்துமா இருப்பதை ஸ்கேன் எடுக்கும் பிரிவிலும் இன்னொரு முறை சொல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கத் தரப்படும் டைபிரிடமால் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்ல வேண்டும். அடினோசினைச் செல்கள் உறிஞ்சிக்கொள்வதை அது தடுப்பதால், சாதாரண அளவே மிகையாகிவிடும். இதயத்தின் மின்னோட்டத்தில் தடை இருப்பதாக முன்பு யாராவது சொல்லியிருந்தால் பழைய ஈசிஜி தாள்களையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துச் சென்று காட்டுங்கள். எதை, எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்பதை அவர்களே எழுதித் தரட்டும்.