டர்போவை மாற்றும் முன் வேஸ்ட்கேட்டைப் பாருங்கள்

கேள்வி: என் பெட்ரோல் டர்போ கார், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 ஏற்றத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண் வருகிறது. கராஜில் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: பொறுங்கள் ஐயா, அவ்வளவு ராண்டை இப்போதே கொட்டிவிடாதீர்கள். பி0299 என்றால் டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் குறைகிறது என்றுதான் பொருள், டர்போ செத்துவிட்டது என்று இல்லை. முதலில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்கள் கழன்றோ கிழிந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் வேஸ்ட்கேட். எஞ்சின் புகையில் ஒரு பகுதியை, டர்போவை ஓட்டும் டர்பைன் சக்கரத்துக்குள் போகவிடாமல் பக்கவழியில் திருப்பிவிடும் சிறு கதவு அது. சரியாக மூடாவிட்டால் புகை அந்த வழியே நழுவிப்போகும், டர்பைன் வேகம் எடுக்காது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அந்தக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியைப் பாருங்கள், டர்பன் கடற்காற்றில் துருவேறி இறுகியிருக்கலாம். காற்றழுத்தத்தில் இயங்கும் வகை என்றால் கைப்பம்பால் மெதுவாகக் காற்று கொடுங்கள்: கம்பி நகர வேண்டும், காற்றை விட்டதும் தடையில்லாமல் முழுதாகத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் கோளாறு அங்கேதான். கொடுத்த அழுத்தம் நிற்காமல் இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கும், ஆனால் அது பெரும்பாலும் நேர்மாறாக டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி, அழுத்தம் மிகுதி என்னும் பி0234-ஐத்தான் கொண்டுவரும். மின்சார ஆக்சுவேட்டர் என்றால் பம்ப் உதவாது, ஸ்கேனரால்தான் இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை விடும்போது தகரம் அதிர்வதுபோல் கடகடவென்று சத்தம் வருகிறதா? அதையும் எழுதுங்கள், கதவின் கீல் தேய்ந்திருக்கலாம்.